அடங்கலில் ஏறாத விளைவு

விளைவு என்றால் களத்தில் தூற்றி, அளந்து, கோணியில் கட்டுவது என்பதே பெரும்பாலோர் எண்ணம். கிராமக் கணக்கின் அடங்கலில் ஏறுவதும் அதுவே. மண்டியில் விலை பெறுவதும் அதுவே. உழாமலும் விதையாமலும் காட்டிலும் கரையிலும் நீரிலும் தானே உண்டாகி, ஒரு குடும்பத்தார் தம் கையால் எடுத்துவந்து தம் வீட்டிலேயே உண்டு தீர்க்கும் பொருளை விளைவென்று எவரும் மதிப்பதில்லை. விலைக்கு வராத பொருளுக்கு மதிப்பில்லை என்னும் இவ்வெண்ணம் பிழையானது. அதனால் நேரும் நஷ்டமும் சிறிதன்று.

இதனைத் தெளிவாய் விளக்கிக் காட்டும் தேசம் ஒன்றுண்டு. அது அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த அலாஸ்கா. அங்குள்ள குடும்பங்கள் இலையுதிர் காலத்தில் வேட்டையாடியும் பழம் பறித்தும் வருஷத்துக்கு வேண்டிய உணவை ப்ரீஸர் என்னும் உறைபனிப் பெட்டியில் நிரப்பிக்கொள்கின்றன. அவ்வுணவைச் சர்க்கார் முறையாய்க் கணக்கெடுத்து, சட்டமிட்டுக் காத்தும் வருகின்றது. பயிர்த்தொழிலையே ஜீவனமாய்க் கொண்டவர்களுக்கும் இவ்விஷயத்தில் அறியத்தக்கது உண்டு.

அலாஸ்கா வட அமெரிக்காவின் வடமேற்குக் கோடியில் உள்ளது. 1867-ல் ருஷியாவிடமிருந்து விலைக்கு வாங்கப்பட்டு, 1959-ல் ஐக்கிய நாடுகளின் 49-வது இராஜ்யமாய்ச் சேர்ந்தது. விஸ்தீரணத்தில் அந்நாட்டு இராஜ்யங்கள் எல்லாவற்றிலும் பெரிது. ஜனத்தொகையோ 2020-ஆம் வருஷக் கணக்கின்படி சுமார் 7,33,000 மட்டுமே. பயிரிடுவதற்கு அங்கு இடமே இல்லை என்று சொல்வதற்கில்லை. 1935-ல் சர்க்கார் சுமார் 200 குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடியேற்றிய மாட்டனுஸ்காப் பள்ளத்தாக்கில், கோடைகாலத்து நீண்ட பகலின் உதவியால் முட்டைக்கோசு வியக்கத்தக்க பருமனாய் விளைகிறது. ஆயினும் பயிர்க்காலம் மிகவும் குறுகியது. தேசத்தின் பெரும்பாகத்தில் அடிமண் வருஷம் முழுவதும் உறைந்தே கிடக்கிறது. சாலை எட்டாத கிராமங்கள் பல. அவற்றுக்கு வேண்டிய மாவும் சர்க்கரையும் விமானத்திலோ, ஆற்றுப் பனி உருகிய மாதங்களில் சரக்குப் படகிலோ வந்து சேரவேண்டும். ஆகையால் அங்குள்ள கடைகளில் விலை நகரத்து விலையைவிட மிக அதிகம்.

இத்தகைய இடத்தில் ஜனங்கள் உண்பது எதனை? யூபிக், இனுப்பியாட், அத்தபாஸ்கன் முதலிய பூர்வகுடியினரும், பிற்காலத்தில் வந்து குடியேறியவர்களிற் பலரும் பருவம் தவறாமல் காட்டையும் ஆற்றையும் நாடிச் செல்கின்றனர். கோடையில் சால்மன் மீன்கள் கடலைவிட்டு ஆறுகளில் ஏறும். அவற்றை வலையிட்டுப் பிடித்து, பிளந்து, கழிகளில் தொங்கவிட்டு உலர்த்திப் புகையூட்டுவார்கள். ஆகஸ்டு மாதத்தில் புளூபெர்ரிப் பழம் கனியும். குழந்தைகள் முதல் கிழவிகள் வரை வாளி எடுத்துக்கொண்டு சென்று பறிப்பார்கள். அதன் பின்னர்ச் சிறு கிரான்பெர்ரி பழுக்கும். செப்டம்பர் மாதம் பிறந்ததும் பல பிரதேசங்களில் மூஸ் வேட்டை தொடங்கும். பிரதேசத்துக்குப் பிரதேசம் அதன் தேதி வேறுபடும்.

மூஸ் என்பது மான் இனத்தில் யாவற்றினும் பெரியது. நன்கு வளர்ந்த ஆண் மூஸ் 1,600 ராத்தல் நிறை வரை இருக்கும். தோலும் குடலும் எலும்பும் கழிந்தபின் அதிலிருந்து சுமார் 500 ராத்தல் இறைச்சி கிடைக்கும். நடுத்தரமான ஒரு குடும்பத்துக்கு அது குளிர்காலம் முழுவதுக்கும் போதுமானது. இணை சேரும் பருவம் முற்றிவிட்டால் ஆண் மூஸின் இறைச்சியில் துர்நாற்றம் ஏறும். ஆதலின் அதற்கு முன்னரே வேட்டையை முடிப்பது அனுபவசாலிகளின் வழக்கம்.

வேட்டை என்றதும் சுடுவது ஒன்றே வேலை என்று நினைத்தல் கூடாது. கதிர் அறுப்பதோடு அறுவடை முடியாததுபோல, மூஸ் விழுந்த பின்னரே உண்மையான வேலை ஆரம்பமாகிறது. அது விழும் இடம் பெரும்பாலும் சேறும் புதருமான ஆற்றங்கரை. உடலின் சூடு இறைச்சியைக் கெடுக்குமாதலால் உடனே தோலை உரித்து, துண்டமாக்கி, காற்றுப் புகும் துணிப்பைகளில் இட்டு நிழலில் தொங்கவிட வேண்டும். சுத்தம், குளிர்ச்சி, உலர்வு என்னும் மூன்றுமே அங்கு அனைவரும் அறிந்த விதிகள். பின்னர் ஒவ்வொரு தொடையாய் முதுகில் சுமந்து படகுக்குக் கொண்டுவர வேண்டும். வீடு சேர்ந்ததும் குடும்பத்தார் யாவரும் மேஜையைச் சுற்றி நின்று அரிந்து, காற்றுப் புகாவண்ணம் இறுகச் சுற்றி, தேதி எழுதி, பாரன்ஹீட் 0 டிகிரியில், அதாவது சென்டிகிரேட் கணக்கில் பூஜ்யத்துக்குக் கீழ் 18 டிகிரியில், உறைய வைப்பார்கள். காற்றுப் பட்டால் இறைச்சி வறண்டு ருசி கெடும்.

குளிர் கிருமிகளின் பெருக்கத்தைத் தடுக்குமே அன்றி அவற்றை எல்லாம் கொல்லாது. கரடி இறைச்சியில் ட்ரைக்கினெல்லா என்னும் நுண்புழு இருத்தல் கூடும். வடதேசத்துப் புழுவின் ஒரு வகை ப்ரீஸர் குளிருக்கும் சாவதில்லை. அவ்விறைச்சியை உட்புறம் 160 பாரன்ஹீட் டிகிரி சூடேறும் வரை வேகவைத்தே உண்ணவேண்டும். பெட்டியை நம்பி அடுப்பை மறத்தல் ஆகாது.

இனிக் கவனிக்கத்தக்கது கணக்கு. 1978-ல் அலாஸ்கா சட்டசபை, ஜனங்கள் தம் ஜீவனத்துக்காக எடுக்கும் மீன், வேட்டை, பழம் முதலியவற்றைத் தனி உபயோகமாய் அங்கீகரித்துச் சட்டம் இயற்றிற்று. மீன் வேட்டை இலாகாவில் அதற்கெனத் தனிப் பிரிவும் ஏற்பட்டது. அப்பிரிவின் உத்தியோகஸ்தர் கிராமங்களுக்குச் சென்று வீடு வீடாய் விசாரிக்கின்றனர். இவ்வருஷம் எந்தெந்தப் பொருள் எவ்வளவு எடுக்கப்பட்டது, யாருக்குக் கொடுக்கப்பட்டது, யாரிடமிருந்து பெறப்பட்டது என்பவையே அவர்கள் கேட்கும் கேள்விகள். 2012-ஆம் வருஷத்துக்குச் செய்த மதிப்பின்படி, நாட்டுப்புறத்தில் வசிப்போர் தலைக்குச் சுமார் 300 ராத்தல் உணவை இவ்வாறு எடுத்தனர். அதில் பாதிக்கு மேற்பட்டது மீன். ஒரு ராத்தலேனும் சந்தைக்குப் போகாத இவ்விளைவு, எண்ணிப் பார்த்தபின்னரே எவ்வளவு பெரிது என்பது வெளியாயிற்று.

அக்கணக்கு மற்றோர் உண்மையையும் வெளியிட்டது. பல கிராமங்களில் சுமார் 30 சதவீதக் குடும்பங்களே மொத்த உணவில் சுமார் 70 சதவீதத்தைக் கொண்டுவருகின்றன. மற்றவர்கள் சோம்பேறிகள் என்பது இதன் பொருளன்று. முதியோர், விதவைகள், நோயாளிகள், கைக்குழந்தைகளை உடையோர், வெளி உத்தியோகத்திலிருப்போர் முதலியவர்களுக்கு வலிமையுள்ள குடும்பங்கள் பங்கு கொடுக்கின்றன. யூபிக் ஜனங்களிடையேயும் இனுப்பியாட் ஜனங்களிடையேயும் பையன் முதன்முதலாய் வேட்டையாடிய பொருளைத் தான் வைத்துக்கொள்ளாமல் முதியோர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பது நெடுங்கால வழக்கம். ஒரு வீட்டின் பெட்டியில் இருப்பது அவ்வீட்டாருக்கு மட்டும் உரியதென்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைக்கக்கூடும். உண்மையில் அது தெருவின் களஞ்சியம்.

சட்டமும் இதனை ஒட்டியே அமைந்துள்ளது. உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவருவது அங்கே குற்றம். கொம்பை அலங்காரத்துக்கு எடுத்துச் செல்ல விரும்புபவர், விதித்த இறைச்சி முழுவதையும் வெளிக்கொணர்ந்த பின்னரே கொம்பை எடுத்துவரலாம். மூஸ் இறைச்சியை விலைக்கு விற்றல் கூடாது. 65 வயது நிரம்பியவர்கள், கண்பார்வை இல்லாதவர்கள் முதலியோருக்காக வேறொருவர் அனுமதி பெற்று வேட்டையாடிக் கொடுக்கலாம். பாதையில் வாகனம் மோதி இறக்கும் மூஸ்களின் இறைச்சியும் வீணாக்கப்படாமல் தர்ம ஸ்தாபனங்களுக்கும் ஏழைக் குடும்பங்களுக்கும் கொடுக்கப்படுகிறது.

இவ்வளவும் சண்டை சச்சரவின்றி நடைபெறுகிறதென்று எண்ணுவதற்கில்லை. பொருள் குறைந்தகாலத்து யாருக்கு முதல் உரிமை என்பதே பெரும் வழக்கு. மத்திய சர்க்காரின் 1980-ஆம் வருஷத்துச் சட்டம், மத்திய சர்க்கார் நிலங்களில் நாட்டுப்புறத்தாருக்கு முதலிடம் அளிக்கிறது. இராஜ்யத்தின் உச்ச நீதிமன்றமோ 1989-ல், மீனும் விலங்கும் ஜனங்கள் அனைவருக்கும் பொது என்று இராஜ்ய அரசியல் சட்டம் கூறுவதால், வசிக்கும் இடத்தைக் கொண்டு உரிமையைப் பிரித்தல் செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதன் பயனாய் 1990 முதல் மத்திய சர்க்கார் தன் நிலங்களில் தானே நிர்வாகத்தை ஏற்றது. ஒரே காட்டில் இரண்டு விதிகள் நடைபெறுவது ஜனங்களுக்குத் தொல்லையே. எனினும் வழக்காட ஒரு பொருள் உண்டென்று இரு திறத்தாரும் ஒப்புக்கொண்டிருக்கின்றனர் என்பதைக் கவனிக்க வேண்டும். கணக்கில் இல்லாத பொருளுக்கு வழக்கே எழாது. அது சத்தமின்றி அழிந்துபோகும்.

கணக்கெடுத்ததால் மட்டும் ஆபத்து நீங்கிவிடவில்லை என்பதும் உண்மை. யூகான் ஆற்றில் சால்மன் மிகவும் குறைந்துபோனமையால், 2021 முதல் கரையோரக் கிராமத்தார் தம் உணவுக்காகப் பிடிப்பதும் பெரிதும் நிறுத்தப்பட்டது. 2024-ல் அலாஸ்காவும் கனடாவும் கூடி, அவ்வாற்றில் சினூக் என்னும் சால்மன் வகையைப் பிடிப்பதை ஏழு வருஷங்களுக்கு நிறுத்திவைக்க உடன்பட்டன. 2022 செப்டம்பரில் மெர்போக் என்னும் புயலின் மிச்சம் மேற்குக் கடற்கரையைத் தாக்கியபோது, படகுகளும் மீன்பிடி முகாம்களும் அழிந்ததோடு, குளிர்காலத்துக்கென நிரப்பி வைத்த ப்ரீஸர் பெட்டிகளும் வெள்ளத்திலும் மின்சாரத் தடையிலும் கெட்டன. கிராமங்களிற் பெரும்பாலானவை டீஸல் எண்ணெயால் மின்சாரம் உண்டாக்குபவை. எண்ணெய் நின்றால் இயந்திரம் நிற்கும். இயந்திரம் நின்றால் பெட்டி நிற்கும். ஆகையால் முன்னோரின் உலர்த்தலையும் புகையூட்டலையும் முற்றிலும் கைவிட்டு எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்தல் விவேகமன்று. ஒரே குதிரில் விதையையும் உணவையும் போட்டு வைத்தவன் பட்ட பாட்டையே அவனும் படுவான்.

சிலர் இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் சொல்லலாம். காட்டிலும் கரையிலும் பொறுக்கித் தின்பது பண்டைக்கால வறுமையின் அடையாளம். கூலியை உயர்த்தினால் ஜனங்கள் கடையில் வாங்கி உண்பார்கள். இதற்கு எதற்குக் கணக்கு என்பது அவர்கள் கேள்வி. கூலி உயரவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பறித்த பழத்துக்கும் பிடித்த மீனுக்கும் ஈடாகக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் அதே பொருளன்று. மாவும் சர்க்கரையும் தகரத்தில் அடைத்த பண்டமுமே. அன்றியும், கூலி உயர்வதற்கு முன்னரே அவ்வுணவு அழிந்துவிடுமாயின் இடைக்காலத்தில் பட்டினி கிடப்பது யார் என்பதையும் ஆட்சேபிப்பவர் சொல்ல வேண்டும்.

இனித் தமிழ்நாட்டைக் கவனிக்கலாம். வேட்டையைப் பொறுத்தவரை அலாஸ்காவின் வழி இந்நாட்டுக்குரியதன்று. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டு விலங்குகளை வேட்டையாடுவதைத் தடுத்துள்ளது. ஜனநெருக்கமுள்ள இந்நாட்டில் அத்தடை நியாயமானதே. ஏற்கத்தக்கது துப்பாக்கியன்று, கணக்கு.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை விழுந்ததும் கிராமத்து ஏழைக் குடும்பங்களின் உணவு எங்கிருந்து வருகிறதென்று பார்த்தால் இது விளங்கும். புன்செயில் களையெடுக்கும் பெண், மாலையில் கூலியோடு மடி நிறையத் தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் கொண்டு செல்கிறாள். வரப்பில் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும், வேலியில் முடக்கத்தானும் கோவையும், கொல்லையில் மணத்தக்காளியும் அவளுக்குக் கிடைக்கின்றன. நன்செய் வாய்க்காலில் அயிரையும் கெளுத்தியும், வயலில் நண்டும் நத்தையும் பிள்ளைகள் பிடித்து வருகின்றனர். மிஞ்சிய மணத்தக்காளியும் சுண்டையும் மோரில் ஊறி வெயிலில் காய்ந்து வற்றலாகின்றன. மிஞ்சிய மீன் உப்பிட்டுக் கருவாடாகிறது. மின்சாரம் வேண்டாத ப்ரீஸர் இந்நாட்டு வெயிலே. இவ்வளவிலும் ஒரு படியேனும் அடங்கலில் ஏறுவதில்லை. அடங்கல் பயிரையும் பரப்பையும் கேட்கிறதே அன்றி, அவள் மடியைக் கேட்பதில்லை.

கேளாததன் விளைவு யாது? கூலியாள் கிடைப்பது அரிதாகி வருவதால் கிருஷிகர் களைக்கொல்லி மருந்தை நாடுகின்றனர். அவர்கள்மீது குறை கூறுவதற்கில்லை. களை நின்றால் பயிர் நில்லாது. ஆனால் வரவு செலவு எழுதும்போது மருந்தின் விலையை ஒரு பக்கமும், மிஞ்சிய கூலியை மறு பக்கமும் எழுதுவதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. அத்தெளிப்பினால் அழிந்த கீரையையும், இழந்த கூலியையும் சேர்த்து ஒரே நாளில் இரண்டு நஷ்டம் அடைந்தவள் அக்கணக்கில் எந்தப் பக்கத்திலும் இல்லை. புறம்போக்கு அடைபடும்போதும், ஏரி மீன்பாசிக் குத்தகை ஏலம் போகும்போதும் இதுவே நிகழ்கிறது. ஏலத்தொகை கணக்கில் ஏறுகிறது. அதற்கு முன் தூண்டிலிட்டு எடுத்த மீன் எவ்வளவு என்பது எங்கும் எழுதப்பட்டதில்லை. எழுதப்படாததால், நஷ்டம் என்றே ஒருவரும் அதனை உணர்வதில்லை.

ஆகவே செய்யத்தக்கவை சில. முதலாவது, ஒரு கிராமத்திலேனும் ஒரு வருஷம், உழாமல் விளைந்து வீட்டில் உண்ணப்படும் பொருள்களின் பெயர், பருவம், அளவு, எடுத்த இடம் ஆகியவற்றை வீடு வீடாய் விசாரித்து எழுதவேண்டும். இதற்குப் பெரிய செலவு வேண்டுவதில்லை. பெண்களிடம் பொறுமையாய்க் கேட்பதே வேண்டுவது. இரண்டாவது, களைக்கொல்லி தெளிக்கும் கிருஷிகர் வரப்பையும் வாய்க்கால் ஓரத்தையும் விட்டுத் தெளித்தல் நலம். தெளித்த இடம் எது, தெளித்த நாள் எது என்பதை வேலைக்கு வரும் பெண்களுக்கு முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். அவ்விடத்துக் கீரையை உண்ணலாகாது. மூன்றாவது, குத்தகை விடும் பொதுக் குளங்களில் ஊரார் தூண்டிலிடுவதற்கு ஒரு கரையையோ, வாரத்தில் ஒரு நாளையோ நிபந்தனையாய் ஒதுக்கலாம். நான்காவது, எடுப்பவர்களும் அளவறிந்து எடுக்க வேண்டும். கீரையைக் கிள்ளினால் மறுபடி தழைக்கும். வேரோடு பிடுங்கினால் அடுத்த வருஷத்துக்கு விதையிராது. முட்டை சுமந்த நண்டை வயலிலேயே விட்டுவிட வேண்டும். காளானைப் பொறுத்தவரை, திண்ணமாய் அறிந்த வகையைத் தவிர மற்றொன்றைத் தொடாதிருத்தலே உயிருக்கு நல்லது.

இவற்றில் முதலாவதே மற்றவற்றுக்கு அஸ்திவாரம். அலாஸ்காவில் 300 ராத்தல் என்னும் எண் கிடைத்த பின்னர், காட்டைப்பற்றியோ ஆற்றைப்பற்றியோ முடிவு செய்யும் எந்தச் சபையும் அவ்வெண்ணைக் கவனியாமல் மேற்செல்ல இயலவில்லை. தமிழ்நாட்டுக் கிராமத்தில் அத்தகைய எண் நூறு ராத்தலாயிருக்கலாம், பத்தாகவுமிருக்கலாம். பத்தேயாயினும், அது பெரும்பாலும் இரும்புச் சத்தும் மாமிசச் சத்தும் குறைந்த வீடுகளிற் சேர்வதாதலால் அதன் மதிப்பு மண்டி விலையால் அளவிடத்தக்கதன்று.

கிருஷிகரின் பெருமை தம் களத்தில் எத்தனை மூட்டை கண்டது என்பதில் மட்டும் இல்லை. தம் நிலத்தை நம்பி எத்தனை அடுப்பு எரிந்தது என்பதிலும் இருக்கிறது. அடுத்த கார்த்திகையில் களையெடுப்பு முடிந்து பெண்கள் கரையேறும்போது, நிலத்துக்குரியவர் ஒரு கணம் நின்று அவர்கள் மடியில் இருப்பது என்ன, எவ்வளவு என்று விசாரிப்பாராக. கணக்கு அங்கிருந்து தொடங்கட்டும்.